ஊறுகாய்க்காரரைப் பெற்றவர்களுக்கு எந்த ஊரில் கல்யாணம்?

வருமான வரி அலுவலகத்தில் உட்கார்ந்து உயிரோடிருப்பவர்களை வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்ட கிளெமென்ட் ஹாக்ஸ்பி, ஓய்வு பெற்றதும் செத்தவர்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். செத்தவர்கள் வக்கீல் வைத்துக்கொள்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு விஸ்கி பாட்டில் அனுப்பி அவரைத் தர்மசங்கடப்படுத்துவதில்லை. ஆனால் பொய் சொல்வதில் மட்டும் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல என்பது, பழைய கல்யாணப் பதிவேடுகளைப் புரட்டப் புரட்ட அவருக்குத் தெரிந்துபோனது. மணப்பெண்கள் வயதைக் குறைத்திருந்தார்கள். மாப்பிள்ளைகள் அப்பாவின் தொழிலை உயர்த்தியிருந்தார்கள். முந்தின நாள் வந்து சத்திரத்தில் பெட்டியை வைத்தவனெல்லாம் ‘இவ்வூரில் வசிப்பவன்’ என்று கூசாமல் எழுதிக் கொடுத்திருந்தான்.

பெல்ஷா என்ற சந்தை ஊரில் அவரும் மனைவி மேவிஸும் குடியிருந்தார்கள். அங்கே குடும்ப வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று இருந்தது. தங்கள் வம்சத்தில் ஒரு பிரபுவாவது அகப்படமாட்டாரா என்ற ஆசையோடு வருகிறவர்கள்தான் அதில் பாதிப்பேர். கிளெமென்ட் அவர்களுக்கு ஆடு திருடினவனைத் தேடி எடுத்துக் கொடுப்பார், ஆதாரத்தோடு. அதனால் சங்கக் கூட்டத்தில் அவர் பக்கத்து நாற்காலியில் அவருடைய தொப்பி மட்டும்தான் உட்காரும்.

இன்னொரு காரணமும் உண்டு. அவருக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது.

“பால்காரன் ‘நல்லா இருக்கீங்களா’ன்னுதான் கேட்டான், கிளெம்,” என்பாள் மேவிஸ். “அதுக்கு நீ உன் முழங்காலோட சரித்திரத்தையே சொன்னா, அவன் மத்த வீட்டுக்குப் பால் வைக்க வேணாமா?”

“பாதி விவரம் சொல்றது பொய் சொல்றதுக்குச் சமம் மேவிஸ்.”

“அப்ப அவனைப் பாதியாவது உக்கார வெச்சுச் சொல்லு. நின்னுக்கிட்டே கேக்குறான் பாவம்.”

தொண்ணூற்றேழாம் வருஷம், மார்ச் மாத மழையில், பாதிரியம்மா ப்ரூடென்ஸ் ஆஸ்க்யூ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆறு ஊர்க் கோயில்களுக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பழைய காரில் ஊர் ஊராக ஓடி, ஒரே பிரசங்கத்தை ஆறு தடவை செய்வார். ஆறாவது தடவை அதை அவரே நம்பமாட்டார் என்று ஊரில் சொல்வார்கள். ஈரக் கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்து அவர் விஷயத்தைச் சொன்னார்.

ட்ரான்டர் ஊறுகாய் இங்கிலாந்தில் எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருப்பது. காலிஃபிளவரையும் சின்ன வெங்காயத்தையும் கடுகு, வினிகரில் ஊறப்போட்ட மஞ்சள் சமாச்சாரம். அதைக் கண்டுபிடித்த ஜோசையா ட்ரான்டர் பிறந்து இருநூறு வருஷம் ஆகிறது. கம்பெனி பெரிதாகக் கொண்டாடப் போகிறது. ஆனால் அவர் பிறந்த சந்து இப்போது பஸ் நிலையம். செத்த இடம் வாடகை சைக்கிள் கடை. பாட்டில் அட்டையில் போட அழகான படம் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் யாரோ, அவருடைய அப்பா ஏமஸும் அம்மா கெஸையாவும் கிராமத்துக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கிராமத்தில் ஒரு பித்தளைப் பலகை, வருஷா வருஷம் ஊறுகாய்த் திருவிழா, அந்தக் கோயிலுக்குப் புதுக் கூரை. இதுதான் கம்பெனியின் திட்டம்.

“எந்தக் கிராமம்?” என்றார் கிளெமென்ட்.

“அதுதான் வினையே. மேல் விக்லியும் எங்க ஊர்லதான்னுது, கீழ் விக்லியும் எங்க ஊர்லதான்னுது. ரெண்டு கோயிலும் என்னோடதுதான் மிஸ்டர் ஹாக்ஸ்பி. ரெண்டும் ஒழுகுது. மேல பீடத்து மேல ஒழுகுது, கீழ ஆர்கன் மேல ஒழுகுது. கம்பெனி ஒரு கூரைதான் போடுமாம்.”

“கடவுள் கிட்ட விட்டுப் பாத்தீங்களா?” என்றாள் மேவிஸ், டீயை நீட்டி.

“விட்டேனே. ரெண்டு ஊரும் கடவுள் எங்க கட்சிதான்னுட்டாங்க.”

கிளெமென்டுக்குக் காது சிவந்தது. சந்தோஷம் வந்தால் அவருக்கு அப்படித்தான். ஒரு பாதிரியார் தன் வீடு தேடி வந்து, ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்து உட்கார்ந்திருப்பது அவருக்குப் புதிது.

“எழுத்து மூலமா ஒரு அறிக்கை கொடுக்கிறேன்,” என்றார்.

“சின்னதாவா?” என்று கேட்டார் பாதிரியம்மா.

மேவிஸ் கூரையைப் பார்த்தாள்.

மேல் விக்லிக்கும் கீழ் விக்லிக்கும் நடுவில் நல்ல தார்ச்சாலை ஓடியது. அந்தச் சாலையை இரண்டு ஊர்க்காரர்களும் முடிந்தவரை உபயோகப்படுத்துவதில்லை. மேலே இருப்பவர்கள் கீழ் விக்லியைப் ‘பள்ளம்’ என்பார்கள். கீழே இருப்பவர்கள் மேல் விக்லிக்காரர்களை ‘மூக்குகள்’ என்பார்கள். எதற்காகச் சண்டை ஆரம்பித்தது என்பது இரண்டு தரப்புக்குமே மறந்துவிட்டது. அதனால் சமாதானத்துக்கும் வழியில்லாமல் போயிற்று.

மேல் விக்லியின் தலைவர் மேஜர் ரோட்னி க்ராப். அவர் கையில் ஒரு பழைய அச்சுப் புத்தகம் இருந்தது. விக்டோரியா ராணி காலத்துப் பாதிரியார் ஒருவர், வட்டாரக் கல்யாணங்களையெல்லாம் வரிசைப்படுத்தி அச்சிட்டது. அதில் தெளிவாக இருந்தது: ஏமஸ் ட்ரான்டர், கெஸையா ப்ளோர், ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று, பிப்ரவரி, மேல் விக்லி.

கீழ் விக்லியில் எதுவானாலும் மாதர் சங்கத் தலைவி திருமதி டிலிஸ் பின்னக் வைத்ததுதான் சட்டம். அவரிடமும் தாள் இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாதிரியாரும் வருஷா வருஷம் தன் பதிவேட்டைப் பிரதியெடுத்து பிஷப்புக்கு அனுப்ப வேண்டும். அப்படிப் போன பிரதியில் அதே ஏமஸ், அதே கெஸையா, அதே பிப்ரவரி. ஊர் மட்டும் கீழ் விக்லி.

கிளெமென்டைத் தங்கள் பக்கம் இழுக்க முதலில் முந்திக்கொண்டவர் மேஜர். ஊர் மதுக்கடையில் உட்கார வைத்து, மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட பை ஒன்றை அவர் முன்னால் தள்ளினார்.

“சாப்பிடுங்க ஹாக்ஸ்பி. லஞ்சம் இல்ல, மதியச் சாப்பாடு.”

உத்தியோகத்தில் இருந்தவரை யாரிடமும் ஒரு வாய் டீ கூட வாங்கிக் குடித்தறியாத கிளெமென்ட், முள்கரண்டியைத் தொடாமல் மனைவியைப் பார்த்தார்.

“நீ இப்ப சர்க்கார் ஆள் இல்ல,” என்றாள் மேவிஸ், தன் தட்டில் பாதியை முடித்துவிட்டு. “ஆறினா நல்லா இருக்காது.”

“கீழே இருக்கிற கோயிலைப் பாத்திருக்கீங்களா?” என்று மேஜர் தொடர்ந்தார். “உள்ளே தூண்ல ஒரு கோடு வெட்டியிருக்கு. வெள்ளம் எவ்வளவு உயரம் வந்துச்சுங்கிறதுக்கு. அந்த வருஷம் பிப்ரவரியில இடுப்பளவு தண்ணி! பொண்ணும் மாப்பிள்ளையும் நீச்சல் அடிச்சா போனாங்க?”

“வெள்ளக் கோடுகளைப் பத்தி ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு,” என்று கிளெமென்ட் ஆரம்பித்தார். மேஜர் ஒரு கொட்டாவி கூட விடாமல் கடைசிவரை கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். ஒருவர் “அடடே” என்று கூடச் சொன்னார்.

அடுத்த வாரம் திருமதி பின்னக்கின் வீடு. எலுமிச்சைக் கேக், இஞ்சிக் கேக், ஆளுக்கு இரண்டு ஜாம் பாட்டில்.

“இன்னொரு துண்டு எடுத்துக்கோ கண்ணு,” என்றார் திருமதி பின்னக். அவருக்கு பிஷப்பும் கண்ணுதான், பஸ் கண்டக்டரும் கண்ணுதான். “அந்த மேஜர் என்ன சொன்னார், வெள்ளமா? தண்ணி வந்தா வடியும். அவங்க கோயில்ல கூரையே இல்லயே அப்ப! வெளிச் சுவர்ல கல்லு பதிச்சிருக்காங்க, போய்ப் படிச்சுப் பாரு. ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூறுல கோபுரம் இடிஞ்சு கூரை மேல விழுந்துச்சு, தொண்ணூத்தி ரெண்டுலதான் திரும்பக் கட்டினாங்க. பிப்ரவரி மாசத்துல, மொட்டை வானத்துக்குக் கீழ, புதுத் தொப்பி போட்டுக்கிட்டு எந்தப் பொண்ணு போய் நிப்பா?”

கிளெமென்ட் கோபுரங்கள் இடிவதைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். மாதர் சங்கத்தார் எல்லோரும் கேட்டார்கள். திரும்பி வரும்போது காரில் அவர் மெல்லப் பாட்டு முனகுவதை மேவிஸ் கவனித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைக் கேட்டதில்லை.

“கிளெம், அவங்க கேக்குறது உன் பேச்சை இல்ல, கூரையை,” என்றாள்.

“தெரியும்,” என்றார் அவர். கொஞ்ச தூரம் போனபின், “ஆனா அந்த ஜாம் கொடுத்த அம்மா, ரெண்டு கேள்வி நல்லாக் கேட்டாங்க,” என்றார்.

பாதிரியம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு அவர் இரண்டு கோயில்களையும் போய்ப் பார்த்தார். கீழ்க் கோயில் தூணில் வெள்ளக் கோடு இருந்தது, வருஷத்தோடு. மேல் கோயில் சுவரில் கல்லும் இருந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் சொன்னது நிஜம். தங்கள் கோயில் சுவரை ஒருத்தரும் படித்ததில்லை, எதிரி கோயில் சுவரை மனப்பாடம் செய்திருந்தார்கள். கிளெமென்டுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தன் கணக்கைப் பற்றிக் கேட்டால் முழுப் பொய்யும், பக்கத்துக் கடைக்காரர் கணக்கைப் பற்றிக் கேட்டால் பைசா பிசகாத உண்மையும் சொல்கிற மனிதர்களோடுதான் அவர் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியிருந்தார்.

ஆக, ஒரு கோயிலில் கூரை இல்லை. இன்னொன்றில் தரை இல்லை. கல்யாணம் நடந்திருக்கிறது. அப்படியானால் எங்கே?

மாவட்ட ஆவணக் காப்பகத்தில் அசல் பதிவேடு இருந்தது. மேலும் கீழும் அப்போது ஒரே பாதிரியார்தான். படு கஞ்சன். இரண்டு ஊருக்கும் இரண்டு பதிவேடு வாங்க மனம் வராமல் ஒன்றிலேயே எழுதித் தள்ளியிருந்தார். ‘இருவரும் இவ்வூரார். இவ்வூரில் மணமுடிக்கப்பட்டனர்.’ எவ்வூர் என்று எழுத ஒரு கோடிட்ட இடம் விட்டிருந்தது. மையை மிச்சம் பிடித்து அதையும் காலியாகவே விட்டிருந்தார்.

கிளெமென்ட் சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தார். மேல் விக்லிக் கல்யாணம் என்றால் அந்தக் கோயில் குமாஸ்தா சாட்சி போடுவான். கீழ் விக்லி என்றால் இந்தக் கோயில் குமாஸ்தா. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் சாட்சி ஒரே ஆள், சைலஸ் க்ரப். யார் இந்த க்ரப் என்று தேடினால், இரண்டு ஊருக்கும் நடுவில் சாலையோரம் ‘மூன்று லாடம்’ என்று ஒரு மதுச் சத்திரம் நடத்தினவன்.

மீதியைப் பிஷப்பின் மேற்பார்வையாளர் எழுதிய புகார் சொல்லிவிட்டது. விக்லிப் பாதிரியார் மழையையும் மூட்டுவலியையும் சாக்கு வைத்து, மூன்று லாடம் சத்திரத்தின் மால்ட் கொட்டகையில், பியருக்காகப் பார்லி வறுக்கும் அடுப்புப் பக்கத்தில், ஞாயிறு ஆராதனையும் கல்யாணங்களும் நடத்துகிறார். சத்திரக்காரன் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறான். பாதிரியார் முதலில் பியரை ருசி பார்த்து முடித்த பிறகே ஜெபம் தொடங்குகிறது.

பாதிரியார் பிஷப்புக்குப் பிரதி அனுப்பும்போது கொட்டகை என்று எழுத முடியுமா? மேல் விக்லி என்றும் எழுத முடியாது, அங்கே கூரை இல்லை என்று பிஷப்புக்குத் தெரியும். வெள்ளம் வந்தது மட்டும்தான் பிஷப்புக்குத் தெரியாது. எனவே கீழ் விக்லி. நூறு வருஷம் கழித்துப் பட்டியல் போட்ட விக்டோரியா காலத்துப் பாதிரியார், கோடிட்ட இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, மணப்பெண் வீடு மேலேதானே இருந்தது என்று அனுமானித்து மேல் விக்லி என்று அச்சடித்துவிட்டார். ஒருவர் பயந்து பொய் சொன்னார், இன்னொருவர் நல்லெண்ணத்தோடு தப்புச் செய்தார்.

அந்தச் சத்திரமும் கொட்டகையும் எப்போதோ இடிந்து போயின. அந்த இடத்தில் இப்போது லாரிகள் நிறுத்தும் விரிந்த சாலையோரமும், பேக்கன் ரொட்டி விற்கும் ஒரு வண்டியும் இருந்தன.

தீர்ப்பைக் கேட்க இரண்டு ஊரும் கீழ் விக்லி மன்றத்தில் கூடின. நடுவில் ஒரு நடைபாதை விட்டு இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மூக்குகள். முன் வரிசையில் கம்பெனி அனுப்பிய இளம்பெண் டாம்சின் ஃபெல், மடியில் மாதிரி அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ‘ஒழுக்கமான குடும்பத்தின் ஊறுகாய்’ என்று அட்டையில் தங்க எழுத்து. கோயில் படத்துக்கு இடம் காலியாக விட்டிருந்தது.

கிளெமென்ட் அறிக்கையை எடுத்தார். அதன் கனத்தைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவர் பதிவேடுகளின் பொது வரலாற்றிலிருந்து தொடங்கினார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த மேஜர் எழுந்து நின்றார்.

“ஹாக்ஸ்பி! மேலயா, கீழயா? ஒரே வார்த்தை!”

“ரெண்டும் இல்ல.”

இரண்டு பக்கமும் நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன.

“சாலையோரச் சத்திரத்துல, மால்ட் கொட்டகையில,” என்றார் கிளெமென்ட். “இப்ப லாரி நிக்கிற இடம். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அன்னிக்கு இருந்த சட்டப்படி, கோயிலுக்கு வெளிய நடந்த கல்யாணம் செல்லாது.”

“செல்லாதுன்னா?” என்றாள் டாம்சின். அவள் குரல் கிறீச்சிட்டது.

“கல்யாணமே ஆகலன்னு அர்த்தம். ஆனா...”

அந்த ‘ஆனா’வை அவரைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை.

“அப்ப ஜோசையா...” என்று டாம்சின் அட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். “ஐயோ, ‘ஒழுக்கமான குடும்பம்’னு ரெண்டு லட்சம் அட்டை அச்சாகிட்டிருக்கு!”

“எங்க ஊர்லயே நடக்கலன்னு நான் முதல்ல இருந்தே சொன்னேன்,” என்றார் மேஜர் உரக்க.

“எப்ப சொன்னீங்க?” திருமதி பின்னக் எழுந்துவிட்டார். “பொண்ணு உங்க ஊர்ப் பொண்ணு! உங்க ஊர் வளர்ப்பு! கொட்டகை வரைக்கும் போயிருக்கா பாரு!”

“கூட்டிட்டுப் போனவன் உங்க ஊர்க்காரன்!”

“எங்க ஊர்ல ட்ரான்டர்னு ஒரு நாய்க்குட்டி கூட இருந்ததில்ல கண்ணு!”

“புத்தகத்துல மேல் விக்லின்னு அச்சாயிருக்கே,” என்று யாரோ சொன்னார்கள். “அந்தப் புத்தகம் தப்புன்னுதானே இப்ப நிரூபிச்சாங்க!” என்று மேஜர் சீறினார்.

காலையில் அந்தத் தம்பதியைத் தங்கள் ஊரில் கட்டி வைக்க அடித்துக்கொண்டவர்கள், பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு கையால் அவர்களை ஊர் எல்லைக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். டாம்சின் தொலைபேசி தேடி ஓடினாள். நாற்காலிகள் சாய்ந்தன. கிளெமென்ட் கையைத் தூக்கி, “இன்னும் முடியல, தயவுசெஞ்சு உக்காருங்க, முக்கியமானதே கடைசியிலதான் வருது,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திருமதி பின்னக் போகிற போக்கில் மேஜை மேலிருந்த எலுமிச்சைக் கேக்கை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மன்றத்தில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். பாதிரியம்மா சாய்ந்த நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். மேவிஸ் பின்னலை ஊசியோடு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“படி,” என்றாள்.

“எதை?”

“அந்தக் கடைசி பாகத்தை. ராத்திரியெல்லாம் அதைத்தானே தட்டிக்கிட்டிருந்தே, டைப்ரைட்டர்ல. நான் தூங்கவே இல்ல. என்னன்னாவது தெரிஞ்சுக்கிறேன்.”

கிளெமென்ட் கடைசிப் பக்கங்களை எடுத்துப் படித்தார். அந்தக் கல்யாணம் நடந்து முப்பத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு, ஆயிரத்து எண்ணூற்று இருபத்து நாலில், பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. கோயில் பழுதுபார்க்கப்படும்போது, அந்த ஊர் எல்லைக்குள் ஆராதனை நடந்த வேறு இடத்தில் நடந்த கல்யாணங்கள் அத்தனையும், பழையவை உட்பட, செல்லும். மூன்று லாடம் அன்றைக்கு மேல் விக்லி எல்லைக்குள் இருந்தது. மேல் விக்லிக் கோயில் பழுதுபார்ப்பில் இருந்தது. கொட்டகையில் ஆராதனை நடந்தது என்று பிஷப்பின் ஆளே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே ஏமஸும் கெஸையாவும் சட்டப்படி கணவன் மனைவி. ஜோசையா அவர்களுக்கு முறைப்படி பிறந்த பிள்ளை.

பாதிரியம்மா கையில் பிடித்த நாற்காலியோடு நின்றுவிட்டார்.

“இதை ஏன் நீங்க முதல் வரியில சொல்லல?”

“வரிசைப்படி வரணுமில்ல?” என்றார் கிளெமென்ட். அவருக்கு நிஜமாகவே அந்தக் கேள்வி புரியவில்லை.

அந்த வாரமே செய்தித்தாள்களில் வந்துவிட்டது. ‘ஊறுகாய் ராஜா கள்ளப்பிள்ளை!’ என்று ஒரு தாளில் முதல் பக்கம். கிளெமென்ட் எல்லாப் பத்திரிகைகளுக்கும் மறுப்பு எழுதினார். ஒரே ஒரு மாவட்டப் பத்திரிகை அதைச் சுருக்கி, பழைய டிராக்டர் விற்பனை விளம்பரத்துக்குக் கீழே போட்டது. சட்டத்தின் வருஷத்தைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

இதற்கிடையில் யாரும் எதிர்பாராதது நடந்தது. ஊறுகாய் விற்றுத் தீர்ந்தது. கடைகளில் பாட்டில் இல்லை. இளைஞர்கள், இதுவரை ஊறுகாயைப் பாட்டன்மார் சமாச்சாரம் என்று ஒதுக்கியவர்கள், வாங்கித் தின்றார்கள். கம்பெனி பழைய அட்டைகளை எரித்துவிட்டுப் புதிதாக அடித்தது. கொட்டகை, வைக்கோல், ஒரு ஜோடி காலணி. கீழே: ‘கட்டுக்கு அடங்காத காதல், கட்டுக்கு அடங்காத காரம்.’

டாம்சின் தொலைபேசியில் அழைத்தாள். “மிஸ்டர் ஹாக்ஸ்பி, அந்தச் சட்டம் பத்தி நீங்க எழுதினீங்களே, அதை இனிமே எழுதாம இருந்தா நல்லா இருக்கும். அவங்க கல்யாணம் ஆனவங்கன்னு தெரிஞ்சா விற்பனை படுத்துரும்.”

“ஆனா அவங்க கல்யாணம் ஆனவங்கதானே.”

“ஆமா, ஆனா அதை யாரு கேட்டா?”

மறுநாளே வாசலில் மேஜர். கையில் மாட்டிறைச்சிப் பை, துணி போட்டு மூடியிருந்தது. “ஹாக்ஸ்பி, நல்லா யோசிச்சுப் பாத்தேன். அந்தக் கொட்டகை அன்னிக்கு மேல் விக்லி எல்லைக்குள்ளதான் இருந்துச்சுன்னு பாதிரியம்மா சொன்னாங்க. அப்ப அந்தக் காதல் எங்க மண்ணுல நடந்ததுதானே?”

அவர் போன பின்னால் திருமதி பின்னக், எலுமிச்சைக் கேக்கோடு. “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுல எல்லையை மாத்தினாங்க கண்ணு. லாரி நிக்கிற இடம் இப்ப கீழ் விக்லிக்குத்தான் வரி கட்டுது. வரி எங்களுக்குன்னா கல்யாணமும் எங்களுக்குத்தான். வரி ஆபீஸ்ல இருந்த உனக்கு இது தெரியாதா?”

இரண்டு பேரும் சொன்னது உண்மை என்பதுதான் கிளெமென்டைச் சோர வைத்தது. “கல்யாணம் செல்லும், அதைப் பத்தி நீங்க கேக்கணும்,” என்று இருவரிடமும் சொல்லிப் பார்த்தார். மேஜருக்கு அவசர வேலை இருந்தது. திருமதி பின்னக் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருந்தார்.

கடைசியில் ஜூன் மாதம் ஊறுகாய்த் திருவிழா லாரி நிறுத்துமிடத்திலேயே நடந்தது. பலகையில் எந்த ஊர்ப் பெயரைப் போடுவது என்று கம்பெனி தலையை உடைத்துக்கொண்டு, ‘இவ்விடத்தில் அல்லது இதற்கு அருகில்’ என்று மட்டும் பொறித்தது. கூரை விஷயத்தில் எவரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு கூரையை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள். இப்போது மேல் கோயிலில் பீடம் நனைவதில்லை, ஜனங்கள் நனைகிறார்கள். கீழே ஆர்கன் தப்பித்தது, பிரசங்க மேடை போயிற்று. பாதிரியம்மா குடை பிடித்துப் பிரசங்கம் செய்யப் பழகிக்கொண்டார். அதனால் பிரசங்கம் சுருங்கியது. அதில் எல்லோருக்கும் திருப்தி. நாள் முழுக்க வரிசை நின்றது பேக்கன் ரொட்டி வண்டி முன்னால்தான். இரண்டு ஊரையும் எட்டிக்கூடப் பார்க்காதவள் அந்த வண்டிக்காரி. அவளுக்கு விக்லி என்றால் என்னவென்றே தெரியாது, லெஸ்டரிலிருந்து வருகிறவள்.

கூட்டத்தின் ஓரத்தில் காரில் சாய்ந்து நின்றிருந்தார் கிளெமென்ட். மேவிஸ் சொன்னதற்காக வந்திருந்தார். அறிக்கையைக் கொண்டுவர வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் கடைசி பாகத்தை மட்டும் கோட்டுப் பைக்குள் மடித்து வைத்திருந்தார்.

கைத்தடி ஊன்றி ஒரு வயதான பெண்மணி அவரை நோக்கி வந்தார். சாம்பல் நிறத் தொப்பி, பழைய ஆனால் நல்ல தையல் கோட்டு.

“நீங்கதானா அந்த ஹாக்ஸ்பி?”

“ஆமா மேடம்.” திட்டு வாங்க அவர் நிமிர்ந்து நின்றார்.

“என் பேரு ஹானர் ட்ரான்டர். ஜோசையா என் பாட்டனுக்கு அப்பா. கம்பெனியில எங்களுக்கு இப்ப ஒண்ணும் இல்ல, எங்கப்பா காலத்துலயே வித்தாச்சு. குடும்பத்துல நான்தான் கடைசி.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “பேப்பர்ல பாத்தேன். எங்க வீட்ல அந்த கெஸையாவோட பைபிள் இன்னும் இருக்கு. அதுல ‘என் கணவர்’ ‘என் கணவர்’னு எழுதியிருப்பா. பேப்பரைப் பாத்ததுல இருந்து அதைத் திறக்க மனசு வரல. அவ தன்னையே ஏமாத்திக்கிட்டாளா?”

கிளெமென்ட் வாயைத் திறந்தார். தனக்கே அது வியப்பாக இருந்தது, ஒரே வரி வந்தது.

“இல்ல. அவங்க கல்யாணம் செல்லும்.”

“என்ன? இந்தப் பக்கக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.”

அவர் அந்தப் பக்கம் போய்ச் சொன்னார்.

“எப்படிச் செல்லும்?” என்றார் மிஸ் ட்ரான்டர். “முழுசாச் சொல்லுங்க. நான் அவசரமா எங்கயும் போகல, பஸ் அஞ்சு மணிக்குத்தான்.”

மேவிஸ் கார் கதவைத் திறந்தாள். மிஸ் ட்ரான்டர் முன் இருக்கையில் உட்கார்ந்து கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டார். கிளெமென்ட் காகிதத்தை விரித்துப் படித்தார். கோபுரம் இடிந்தது, வெள்ளம் வந்தது, கஞ்சப் பாதிரியார், சத்திரக்காரன் க்ரப், பயந்துபோய் எழுதின பிரதி, பட்டியல் போட்டவரின் அனுமானம், அப்புறம் அந்தச் சட்டம். மிஸ் ட்ரான்டர் அவரை நடுநடுவே நிறுத்தினார், சரியாகக் காதில் விழாத இடத்தில் எல்லாம். கிளெமென்ட் அந்த வரியைத் திரும்பப் படித்தார், சில சமயம் இரண்டு தடவை, சந்தோஷமாக.

“அந்தப் பாதிரியார் முதல்ல பியர் குடிச்சிட்டுத்தான் ஜெபம் பண்ணுவாரா?”

“அப்படித்தான் புகார்ல இருக்கு.”

மிஸ் ட்ரான்டர் சிரிக்க ஆரம்பித்தார். தொப்பி ஒரு பக்கம் சாய்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே மேஜரும் திருமதி பின்னக்கும் நாடாவை யார் வெட்டுவது என்று கத்தரிக்கோலின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“பிப்ரவரி மாசம். வெளிய வெள்ளம்,” என்றார் மிஸ் ட்ரான்டர். “அடுப்புப் பக்கத்துல கதகதன்னு இருந்திருக்கும். நல்ல இடமாத்தான் பாத்திருக்காங்க.”

மேவிஸ் மூன்று பேக்கன் ரொட்டி வாங்கி வந்தாள். ட்ரான்டர் ஊறுகாய் ஒரு கரண்டி வைக்கட்டுமா என்று கேட்டாள்.

“வேணாம் வேணாம்,” என்றார் மிஸ் ட்ரான்டர். “எங்க குடும்பத்துல யாருக்குமே அது பிடிக்காது.”